டேட்டமேஷன்: ஒரு பழைய கம்ப்யூட்டர் பத்திரிகையும் அதன் கிண்டலும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டேட்டமேஷன் என்பது என்ன பத்திரிகை?

1957 முதல் 1998 வரை அமெரிக்காவில் அச்சில் வந்த கணினித் தொழில்துறைப் பத்திரிகை. பொழுதுபோக்காகக் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்காக வந்ததல்ல. அது தொடங்கிய காலத்தில் அப்படி யாரும் இல்லை. அறை முழுக்க அடைத்துக்கொண்டு நின்ற இயந்திரங்களை வாங்கியவர்கள், ஓட்டியவர்கள், அவற்றுக்கு நிரல் எழுதியவர்கள், இவர்கள்தான் வாசகர்கள். புதிய இயந்திரம் வந்த செய்தி, எந்தக் கம்பெனி எதை விலைக்கு வாங்கியது, எந்த நிரல்மொழி நிலைக்கும் என்ற சண்டை, பக்கம் பக்கமாக விளம்பரம் என்று பெரும்பாலும் வேலை சம்பந்தப்பட்ட சமாச்சாரம்தான். இன்று அந்தச் செய்திகளைத் தேடிப் படிப்பவர்கள் வரலாற்று ஆய்வாளர்கள் மட்டுமே. ஆனால் இடையிடையே அது போட்ட நையாண்டிகளை, எங்கிருந்து வந்தவை என்றே தெரியாமல் புரோகிராமர்கள் இன்றும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள்.

முதல் கம்ப்யூட்டர் பத்திரிகை இதுதானா?

இல்லை. எட்மண்ட் பெர்க்லி 1951இல் தொடங்கிய ‘கம்ப்யூட்டர்ஸ் அண்ட் ஆட்டோமேஷன்’ இதற்கு முந்தையது. பெர்க்லி காப்பீட்டுத் துறையிலிருந்து வந்தவர். கணினி வல்லுநர் சங்கமான ஏசிஎம் உருவாகக் காரணமானவர்களில் ஒருவர். கணினியாளர்களுக்குச் சமூகப் பொறுப்பு வேண்டும் என்று ஓயாமல் வாதாடியவர். 1963இல் கணினி ஓவியப் போட்டி வைத்ததும் அவர் பத்திரிகைதான். 1970இல் கென்னடி கொலை பற்றிய நீண்ட கட்டுரையைப் போட்டு வாசகர்களைத் திகைக்க வைத்ததும் அதுதான். டேட்டமேஷனுக்கு அப்படிப்பட்ட லட்சியம் எதுவும் கிடையாது. அது பிறந்ததே விளம்பரம் போட இடம் இல்லையே என்ற கவலையில்.

அதென்ன கதை?

லாஸ் ஏஞ்சல்ஸில் கணினிக்கான உள்ளீட்டு, வெளியீட்டுக் கருவிகள் செய்த ஒரு கம்பெனியில் டொனால்ட் பிரெல் என்பவர் துணைத் தலைவராக இருந்தார். தங்கள் சரக்கை விளம்பரம் செய்ய வேண்டுமென்றால் ‘சயின்டிஃபிக் அமெரிக்கன்’, ‘பிசினஸ் வீக்’ போன்ற பொதுப் பத்திரிகைகளை விட்டால் வேறு வழியில்லை. அவற்றை வாங்குகிற ஆயிரக்கணக்கானவர்களில் கணினி பக்கம் போகிறவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவே. கணினிக்காரர்கள் மட்டும் படிக்கிற பத்திரிகை ஒன்று இருந்தால் என்ன என்று பிரெல் யோசித்தார். தானியங்கித் தொழில்நுட்ப ஆலோசகராகப் பேர்பெற்றிருந்த ஜான் டீபோல்டிடம் பேசினார். சிகாகோவின் தாம்சன் பதிப்பகம் வெளியிட ஒப்புக்கொண்டது. டேட்டா, ஆட்டோமேஷன் இரண்டையும் ஒட்டிப் பெயரும் வைத்தாயிற்று.

துணிச்சலான காரியம்தான். நாடு முழுக்க இருந்த கணினிகளே கொஞ்சம். அதை நம்பி ஒரு பத்திரிகையா என்று யாரும் கேட்டிருக்கலாம். ஆனால் நேரம் நன்றாக அமைந்தது. அதே 1957இல்தான் ஐபிஎம் 704 இயந்திரத்துக்கான ஃபோர்ட்ரான் நிரல்மொழி வெளிவந்தது, டிஜிட்டல் எக்விப்மென்ட், கன்ட்ரோல் டேட்டா என்ற இரண்டு கம்பெனிகள் தொடங்கின, ரஷ்யாவின் ஸ்புட்னிக் மேலே போய் அமெரிக்க அரசின் பணப்பெட்டியைத் திறந்து வைத்தது.

சந்தா எவ்வளவு?

தகுதி உள்ளவர்களுக்கு இலவசம். தொழில்துறைப் பத்திரிகைகளின் வழக்கமான ஏற்பாடுதான் இது. நீங்கள் எங்கே வேலை செய்கிறீர்கள், என்ன பதவி, உங்கள் இடத்தில் என்ன இயந்திரம், வாங்குவதில் உங்கள் சொல் எடுபடுமா என்றெல்லாம் ஒரு படிவத்தில் எழுதி அனுப்ப வேண்டும். ஆள் தேறுவார் என்று பட்டால் இதழ் வீட்டுக்கோ அலுவலகத்துக்கோ வந்துவிடும். செலவு விளம்பரதாரர் தலையில். ஒவ்வொரு விளம்பரத்துக்கும் ஒரு எண் இருக்கும். இதழோடு வரும் அஞ்சலட்டையில் பிடித்த எண்களை வட்டமிட்டுத் தபாலில் போட்டால் அந்தந்தக் கம்பெனியின் விவரப் புத்தகம் வந்து சேரும்.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. படிப்பவர் எல்லாரும் உள்ளே இருப்பவர்கள். இந்தக் கம்பெனி சொன்ன தேதியில் இயந்திரத்தைக் கொடுக்காது, நிரலை இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றித்தரும் அந்தக் கம்பைலர் பாதி நாள் ஓடாது என்பதெல்லாம் அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். ஆனால் பக்கத்துப் பக்கத்தில் அதே கம்பெனியின் முழுப்பக்க விளம்பரம் இருக்கும்போது அதைக் கட்டுரையாக எழுதுவது சங்கடம். கற்பனைக் கம்பெனி ஒன்றை உண்டாக்கி அதன் மேல் எழுதிவிட்டால் யாரும் கோபிக்க முடியாது. கோபித்தால் தொப்பி தனக்குத்தான் என்று அவரே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

ஏப்ரல் இதழ் மட்டும்தான் வேடிக்கையா?

ஏப்ரல் இதழில் பகடிக் கட்டுரைகள் வருவது மரபு. முட்டாள்கள் தினம் ஒரு சாக்கு. ஆனால் பத்திரிகையின் மிகச் சிறந்த கிண்டல்கள் ஏப்ரலில் வரவில்லை. கீழே வரப்போகும் மூன்றும் பிப்ரவரி, டிசம்பர், ஜூலை மாதங்களில் வந்தவை. ஏப்ரலில் வந்த ஒன்றோ, தலைப்பைப் பார்த்தால் பகடி போலத் தோன்றும். உண்மையில் முழுக்க முழுக்க சீரியஸான கட்டுரை. அதற்கும் வருவோம்.

கிளட்ஜ் என்ற சொல் இங்கிருந்துதான் வந்ததா?

கணினித் துறைக்குள் அதைப் பரப்பியது டேட்டமேஷன்தான். 1962 பிப்ரவரி இதழில் ஜாக்சன் கிரான்ஹோம் என்பவர் கிளட்ஜ் ஒன்றை வடிவமைப்பது எப்படி என்று பாடம் எடுத்தார். ஒன்றோடொன்று பொருந்தாத உதிரிகளை இழுத்துக் கட்டி, பார்த்தாலே மனம் நோகும்படி ஒரு முழுமையை உண்டாக்கினால் அதுதான் கிளட்ஜ் என்பது அவர் தந்த விளக்கத்தின் சாரம். கிண்டலின் கூர்மை அந்த விளக்கத்தில் இல்லை, தொனியில் இருக்கிறது. நல்ல இயந்திரம் செய்வது எப்படி என்று எழுதுகிற அதே பணிவான, பொறுப்பான குரலில், மோசமான இயந்திரத்தை வேண்டுமென்றே செய்யும் முறையை விளக்கிக்கொண்டே போகிறார். படிக்கிற பொறியாளருக்குத் தன் ஆபீஸ் நினைவுக்கு வராமல் இருக்காது.

ஆக்ஸ்ஃபோர்டு அகராதி இந்தப் பெயரையே கிரான்ஹோம் விளையாட்டாக உண்டாக்கியது என்று குறித்திருக்கிறது. அதற்கு முன்பே ராணுவத்தில் புழங்கியது என்பவர்களும் உண்டு. எதுவானாலும், அவசரத்துக்கு ஒட்டுப்போட்டு ஓட வைத்த நிரலைக் கிளட்ஜ் என்று இன்று திட்டுகிறவர்கள் 1962 பிப்ரவரிக்குக் கடன்பட்டவர்கள்தான்.

‘கம் ஃப்ரம்’ கட்டளை பற்றிச் சொல்லுங்கள்.

இதற்குக் கொஞ்சம் முன்கதை வேண்டும். பழைய நிரல்களில் ‘கோ டு’ என்றொரு கட்டளை எங்கும் இருக்கும். ‘50-ஆம் வரிக்குப் போ’ என்றால் ஓட்டம் அங்கே தாவும். அங்கிருந்து இன்னொரு தாவல், அப்புறம் இன்னொன்று. நாலு தாவலுக்குப் பிறகு எழுதியவருக்கே வழி தெரியாது. 1968 மார்ச்சில் டச்சுக் கணினி அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா ஏசிஎம் இதழில் இதற்கு எதிராக ஒரு கடிதம் எழுதினார். அந்தக் கட்டளை தீங்கானது என்ற சூடான தலைப்பை வைத்தது அவர் அல்ல, இதழின் ஆசிரியர் பொறுப்பில் இருந்த நிக்லாஸ் விர்த். அவ்வளவுதான், அடுத்த ஐந்தாறு வருடம் துறை முழுக்க இரண்டு கட்சி. ‘கோ டு’ இல்லாமல் நிரல் எழுத முடியுமா, எழுதினால் நல்லதா என்று மாநாட்டுக்கு மாநாடு சண்டை.

1973 டிசம்பரில் ‘கோ டு’ தாவல்களைத் தவிர்த்து ஒழுங்காக எழுதும் முறைக்குக் கட்டமைப்பு நிரலாக்கம் என்று பெயர்; டேட்டமேஷன் அதற்கென்றே ஒரு இதழை ஒதுக்கியது. டேனியல் மெக்ராக்கன் இது ஒரு புரட்சி என்று முன்னுரை போலக் கட்டுரை எழுதினார். ஐபிஎம்மின் டெரி பேக்கரும் ஹார்லன் மில்ஸும் தலைமை நிரலாளர் குழு என்ற தங்கள் முறையை விளக்கினார்கள். எல்லாம் கனமான விஷயம். அதே இதழில், அதே மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு ஆர். லாரன்ஸ் கிளார்க் வந்தார். ‘கோ டு’ பிரச்சினைக்குத் தீர்வு கண்டுபிடித்துவிட்டதாக அறிவித்தார். ‘போ’ என்ற கட்டளைதானே தொல்லை? அதைத் தூக்கிவிட்டு ‘இங்கிருந்து வா’ என்ற கட்டளையைக் கொண்டுவரலாம் என்றார்.

அவர் தரும் எடுத்துக்காட்டைத் தமிழில் இப்படி எழுதலாம்:

10  ஜே = 1
11  20-இலிருந்து வா
12  ஜே-யை அச்சிடு, நிறுத்து
13  10-இலிருந்து வா
20  ஜே = ஜே + 2

மேலிருந்து படித்தால் 1 அச்சாகும் என்றுதான் தோன்றும். 10-ஆம் வரி முடிந்ததும் 13-ஆம் வரி ஓட்டத்தைத் தன்னிடம் பிடுங்கிக்கொள்கிறது. அங்கிருந்து 20-க்குப் போய் ஜே-யின் மதிப்பு 3 ஆகிறது. அது முடிந்ததும் 11-ஆம் வரி பிடுங்கிக்கொள்கிறது. 12-இல் 3 அச்சாகி நிரல் நிற்கிறது. 10-ஆம் வரியை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாது. அதைக் கடத்திக்கொண்டு போகிறவன் வேறெங்கோ ஒளிந்திருக்கிறான். கிளார்க் இதோடு விடவில்லை. ‘கோ டு’வுக்கு எத்தனை வகை இருந்தனவோ அத்தனைக்கும் எதிர்வகை வகுத்தார்: நிபந்தனையோடு வருவது, கணக்குப் போட்டு வருவது என்று.

என் பார்வையில் டேட்டமேஷன் போட்டதிலேயே இதுதான் உச்சம். இதில் வெறும் குறும்பு மட்டும் இல்லை. ஒரு கட்டளையின் பெயரை ஒழித்துவிட்டால் குழப்பம் ஒழிந்துவிடும் என்று நம்பிய பக்தர்களுக்கு இது கேள்வி. ‘கோ டு’ ஒன்றுகூட இல்லாமலே படிக்க முடியாத நிரல் எழுதலாம் என்று ஐந்து வரியில் காட்டிவிட்டார். ஏசிஎம் இதழ் 1984 ஏப்ரலில் இந்தக் கட்டுரையை மறுபதிப்பு செய்தது. டைக்ஸ்ட்ராவின் கடிதம் வந்த அதே பத்திரிகை என்பதை நினைவில் வையுங்கள்.

அந்தக் கட்டளையை யாராவது நிஜமாகவே செய்து பார்த்தார்களா?

செய்தார்கள். பிரின்ஸ்டனில் டான் வுட்ஸும் ஜேம்ஸ் லயனும் 1972இல் இன்டர்கால் என்றொரு நிரல்மொழியை உருவாக்கியிருந்தார்கள். வேறு எந்த மொழியைப் போலவும் இருக்கக் கூடாது என்பதே அதன் ஒரே குறிக்கோள். அதில் ‘தயவுசெய்து’ என்று போதுமான தடவை எழுதாவிட்டால் கம்பைலர் மரியாதை போதாது என்று நிரலைத் திருப்பி அனுப்பிவிடும். ரொம்பவும் எழுதினால் குழைகிறாய் என்று அதற்கும் திருப்பி அனுப்பும். 1990இல் எரிக் ரேமண்ட் இதன் புதிய வடிவத்தை எழுதியபோது கிளார்க்கின் கட்டளையையும் உள்ளே சேர்த்தார்.

வேடிக்கை அத்துடன் முடியவில்லை. பின்னாளில் ‘ஆஸ்பெக்ட்’ முறை நிரலாக்கம் என்று ஒன்று வந்தது. ஒரு நிரலின் உள்ளே கை வைக்காமல், ‘அது இந்த இடத்துக்கு வரும்போது என் வரிகளையும் ஓட்டு’ என்று வெளியிலிருந்து சொல்லும் முறை. இது ‘இங்கிருந்து வா’ தானே என்று 2004இல் சில ஆய்வாளர்கள் ஒரு கட்டுரையே எழுதிவிட்டார்கள்.

ஏப்ரலில் வந்த சீரியஸ் கட்டுரை எது?

மெல்வின் கான்வே எழுதியது, 1968 ஏப்ரல் இதழ். குழுக்கள் எப்படிக் கண்டுபிடிக்கின்றன என்று தலைப்பு. ஒரு நிறுவனம் எந்த அமைப்பை வடிவமைத்தாலும் அது அந்த நிறுவனத்துக்குள் யார் யாரோடு பேசுகிறார்கள் என்பதன் நகலாகவே வந்து நிற்கும் என்பது அவர் வாதம். முதலில் ‘ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூ’வுக்கு அனுப்பினார். நிரூபிக்கவில்லை என்று திருப்பிவிட்டார்கள். டேட்டமேஷன் போட்டது. 1975இல் கணினி அறிஞர் பிரெட் புரூக்ஸ் தன் நூலில் இதைக் கான்வே விதி என்று அழைத்தார், பெயர் ஒட்டிக்கொண்டது.

கான்வே தரும் உதாரணம் ஒன்று போதும். எட்டுப் பேரிடம் இரண்டு கம்பைலர் செய்யச் சொன்னார்கள்: ஒன்று கோபோல் நிரல்மொழிக்கு, ஒன்று அல்கால் நிரல்மொழிக்கு. கோபோலுக்கு ஐந்து பேர், அல்காலுக்கு மூன்று பேர் என்று பிரித்துக்கொண்டார்கள். முடிவில் கோபோல் கம்பைலர் ஐந்து கட்டமாக ஓடியது, அல்கால் கம்பைலர் மூன்று கட்டமாக ஓடியது. பெரிய மென்பொருள் கம்பெனியில் வேலை பார்த்த யாரிடமும் இதைச் சொல்லிப் பாருங்கள், முதலில் சிரிப்பார்கள், அப்புறம் தங்கள் டீமைப் பற்றிப் புலம்பத் தொடங்குவார்கள்.

‘உண்மையான புரோகிராமர்கள் பாஸ்கல் எழுத மாட்டார்கள்’ என்பது என்ன?

1983 ஜூலை இதழில் வந்த, ஆசிரியருக்கு எழுதிய கடிதம். எழுதியவர் எட் போஸ்ட், ஆரெகனில் டெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் இருந்தவர். முந்தைய ஆண்டு அமெரிக்காவில் ஒரு கிண்டல் புத்தகம் பரபரப்பாக விற்றது: உண்மையான ஆண்கள் கீஷ் சாப்பிட மாட்டார்கள் என்று. கீஷ் என்பது முட்டை, பாலாடை வைத்துச் சுடும் நாசூக்கான பிரெஞ்சுப் பண்டம். போஸ்ட் அதைக் கணினி அறைக்குள் கொண்டுவந்தார். விர்த் 1970இல் கொண்டுவந்த பாஸ்கல், கட்டுப்பாடும் ஒழுங்கும் கற்றுக்கொடுக்கிற மொழி. ஆகவே அது கீஷ் தின்பவர்களுக்கு. உண்மையான புரோகிராமர் ஃபோர்ட்ரானில் எழுதுவார். அதில் முடியாததை இயந்திரத்தின் மொழிக்கு நெருக்கமான அசெம்பிளியில் எழுதுவார். அதிலும் முடியாதென்றால் அது செய்யவே தேவையில்லாத காரியம். ‘கோ டு’ கண்டு பயப்பட மாட்டார். ஐந்து பக்க நீளச் சுழற்சியை எழுதிவிட்டுக் குழம்பாமல் இருப்பார். 20 நானோ நொடி மிச்சமாகும் என்றால் ஓடுகிற நிரலே தன்னைத் திருத்திக்கொள்ளும்படி எழுதுவார்.

அப்போது இருந்த டெகோ என்ற உரைத் திருத்தி பற்றி ஒரு இடம் வருகிறது. அதில் தட்டுகிற எழுத்து ஒவ்வொன்றும் ஒரு கட்டளை. ஆகவே உன் பெயரைக் கட்டளையாகத் தட்டி, அது உன் கோப்பை என்ன செய்யும் என்று ஊகிப்பது ஒரு விளையாட்டாம். சூப்பர் கம்ப்யூட்டர் மேதை சீமோர் க்ரே, கன்ட்ரோல் டேட்டாவின் சிடிசி 7600 இயந்திரத்தை முதல்முதலாக இயக்கியபோது அதன் இயக்க முறைமை முழுவதையும் நினைவிலிருந்தே முன்பலகைச் சுவிட்சுகளைத் தட்டி ஏற்றினார் என்ற கதையும் இதில் வருகிறது. போஸ்ட் அதைச் செவிவழிக் கதையாகத்தான் சொல்கிறார். படித்தவர்கள்தான் வரலாறு ஆக்கிவிட்டார்கள்.

‘மெல்’ கதைக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. அதே 1983இல் எட் நாதர் என்ற வானியலாளர் யூஸ்நெட் என்ற பழைய கணினி விவாத வலையில் எழுதியது அது. ஃபோர்ட்ரானா பெரிய வீரம், நான் ஒருவரைப் பார்த்திருக்கிறேன் என்று தொடங்கி, ராயல் மெக்பீ கம்பெனியின் மெல் கே பற்றிச் சொல்கிறார். சுழலும் உருளையில் நினைவகம் இருந்த காலம். ஒரு கட்டளை முடிகிற கணத்தில் அடுத்த கட்டளை படிப்பான் முனைக்கு அடியில் வந்து சேரும்படி மெல் ஒவ்வொன்றையும் தானே இடம் பார்த்து வைப்பாராம். போஸ்ட் எழுதியது கிண்டல். நாதர் எழுதியது வணக்கம். இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

இந்தக் கிண்டல்களில் இன்று உறுத்துவது எதுவும் இல்லையா?

இருக்கிறது. போஸ்ட் கடிதம் ஆண்களையும் பையன்களையும் பிரிப்பது என்ற சட்டகத்தில் நடக்கிறது. அவர் அந்த மீசை முறுக்கலைத்தான் கேலி செய்தார் என்பது படித்தால் புரியும். அவரது உண்மையான புரோகிராமர் ஒரு பரிதாபமான ஆள். ஆனால் கேலியைக் கேலியாக எடுத்துக்கொள்ளாமல், அதையே தங்கள் லட்சணமாக வரித்துக்கொண்ட ஒரு கூட்டம் பின்னால் வந்தது. குறிப்பு எழுத மாட்டேன், விளக்கம் சொல்ல மாட்டேன், புரியாதது உன் தப்பு என்கிற கூட்டம். இன்றும் எந்த அலுவலகத்திலும் ஒருவராவது இருப்பார். இதில் இன்னொரு முரண்: உண்மையான ஆண்களின் மொழியாக அவர் சொன்ன ஃபோர்ட்ரானை ஐபிஎம்மில் ஜான் பேக்கஸ் தலைமையில் உருவாக்கிய சிறிய குழுவில் லோயிஸ் ஹைப்ட் என்ற பெண் இருந்தார். தொடக்ககாலக் கணினியான எனியாக்குக்கு முதலில் நிரல் எழுதிய ஆறு பேருமே பெண்கள். சாப்பிட்டது கீஷா என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

பிறகு பத்திரிகை என்ன ஆனது?

மேசைக் கணினி வந்ததும் வாசகர் கூட்டம் சிதறியது. ஒரு பெரிய இயந்திரம், அதைச் சுற்றி ஒரு அறை, அந்த அறையில் இருப்பவர்களுக்கு ஒரு பத்திரிகை என்ற ஏற்பாடு குலைந்துபோனது. 1996இல் ஆசிரியர் பில் செமிச் நகைச்சுவைப் பகுதிக்கு மறுபடி உயிர் கொடுத்தார், ‘ஓவர் தி எட்ஜ்’ என்று இரண்டு பக்கம். நியூசிலாந்தின் சைமன் டிராவாக்லியாவையும் எழுத வைத்தார். அவருடைய நாயகன் ஒரு கணினி நிர்வாகி, கருணையே இல்லாதவன். கோப்பு வைக்க இடம் போதவில்லை என்று ஒருவர் போன் செய்தால், அவருடைய கோப்புகளையெல்லாம் அழித்துவிட்டு, இப்போது தாராளமாக இடம் இருக்கிறதே என்பான். 1962இல் கிண்டல் இயந்திரம் செய்கிறவர் மேல் இருந்தது, 1996இல் அதைப் பயன்படுத்துகிறவர் மேல் போய்விட்டது. எனக்கு முந்தையதுதான் பிடிக்கும். அச்சு இதழ் 1998இல் நின்றது. பெயர் இணையத்தில் தொடர்ந்தது. நகைச்சுவைப் பகுதி 2001இல் கைமாறியபோது போய்விட்டது.

பழைய இதழ்களைப் படிக்க முடியுமா?

முடியும். பழைய கணினி ஆவணங்களைத் திரட்டி வைத்திருக்கும் பிட்சேவர்ஸ் தளத்திலும் இணைய ஆவணக் காப்பகத்திலும் பல ஆண்டு இதழ்கள் பக்கம் பக்கமாக நகலெடுத்து வைக்கப்பட்டிருக்கின்றன. எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால் 1973 டிசம்பர் என்பேன். கிளார்க் கட்டுரையை மட்டும் தனியே எடுத்துப் படிக்காதீர்கள். முதலில் மெக்ராக்கன், அப்புறம் பேக்கரும் மில்ஸும், கடைசியில் அவர். நடுவில் வரும் விளம்பரங்களையும் தாண்டிப் போக வேண்டாம்; சில கம்பெனிகள் கொடுத்த வாக்குறுதிகளைப் பார்த்தால் கிரான்ஹோமுக்குச் சரக்கு எங்கிருந்து கிடைத்தது என்று தெரியும்.